மூக்கில் ஏறும் மலை

மேட்டுப்பாளையத்தில் பஸ் பிடித்து, கல்லாறு தாண்டி, நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியதும் காது அடைக்கும். பக்கத்தில் பேசுபவரின் குரல் மங்கிப்போகும். எச்சிலை விழுங்கினால் 'டப்'பென்று திறக்கும். கூடவே பல பேருக்கு இன்னொன்றும் திறந்துகொள்கிறது. வாந்தி வராமலிருக்கக் கையில் திணிக்கப்பட்ட எலுமிச்சம்பழம், ஜன்னலோரத்துக்காகத் தம்பியோடு போட்ட சண்டை, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த கையில் ஒட்டிக்கொண்ட இரும்பு வாடை, "கொட்டாவி விடுடா, சரியாயிடும்" என்ற அம்மாவின் குரல். படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பழசு ஞாபகத்துக்கு வரும்தான். அங்கே நாமாகத் தேடிப் பார்த்து, இந்த வகுப்பு, இந்த மரம் என்று நினைத்துக்கொள்கிறோம். மலையில் யாரும் தேடுவதில்லை. உடம்புக்கு ஏதோ ஆகிறது, அதன் பின்னாலேயே ஞாபகம் வந்து நிற்கிறது.

காதிலிருந்தே தொடங்கலாம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். கடலோரத்தில் ஆயிரத்துச் சொச்சம் மில்லிபார் இருக்கும் காற்றழுத்தம் ஊட்டியில் 770 வாக்கில்தான் இருக்கும். ஏறக்குறைய கால் பங்கு குறைவு. (ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பவர்கள் பொறுமைசாலிகளாக இருக்க வேண்டும்.) வெளியே அழுத்தம் குறைந்துகொண்டே போக, செவிப்பறைக்கு உட்புறம் மாட்டிக்கொண்ட காற்று இன்னும் மேட்டுப்பாளையத்து அழுத்தத்திலேயே இருக்கிறது. அது செவிப்பறையை வெளியே தள்ளுகிறது. நடுச்செவியிலிருந்து தொண்டைக்குப் போகும் ஊஸ்டேக்கியன் குழாய் விழுங்கும்போதோ கொட்டாவி விடும்போதோ ஒரு கணம் திறந்து கணக்கைச் சரிசெய்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டை. அதிகம் சாயாமல் கிடையாகவும் இருக்கும். அதனால் பெரியவர்களைப்போல் சுலபமாகத் திறக்காது. முதல் மலைப் பயணத்தில் காதுவலி பலருக்கு அழுத்தமாகப் பதிந்திருப்பதற்கு இதுவும் காரணம்.

சொந்த ஊர் ஏக்கத்துக்கே காற்றழுத்தம்தான் காரணம் என்று நம்பிய ஒரு காலமும் இருந்தது. 1688ல் பாசல் பல்கலைக்கழகத்தில் யோகானஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். வீட்டை விட்டு வந்தவர்களைப் படுக்கையில் தள்ளும் ஒரு நோயைப் பற்றியது. நாஸ்டால்ஜியா என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். அவர் தரும் உதாரணங்கள் இப்படி: பெர்ன் நகரத்திலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த ஒரு மாணவர் காய்ச்சலும் படபடப்புமாகச் சாகக் கிடக்கிறார். ஊருக்கு அனுப்புவோம் என்று முடிவுசெய்து வண்டியில் ஏற்றுகிறார்கள். கொஞ்ச தூரம் போனதுமே மூச்சு சீராகி, ஊர் போய்ச் சேர்வதற்குள் தேறிவிடுகிறார். ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு கிராமத்துப் பெண், எதைக் கொடுத்தாலும் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் போகணும் என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வீட்டுக்கு அனுப்புகிறார்கள், சில நாளில் எழுந்து நடமாடுகிறாள்.

இந்த நோய் அதிகமும் ஸ்விட்சர்லாந்துக்காரர்களுக்கே, அதிலும் பிரான்ஸ் போன்ற தேசங்களில் கூலிப்படையாக இருந்த சிப்பாய்களுக்கே வருவதாகப் பேச்சு. 1705 வாக்கில் சூரிச்சைச் சேர்ந்த யோகான் யாகோப் ஷாய்க்சர் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் மெல்லிய காற்றில் வளர்ந்தவர்கள். சமவெளிக்கு இறங்கினால் கனமான காற்று அவர்களின் ரத்தக்குழாய்களை அமுக்குகிறது, மனம் சோர்கிறது. மருந்து? நோயாளியை ஒரு குன்றின் மேலோ உயரமான கோபுரத்திலோ தங்கவைக்க வேண்டியது. சிரிக்கத் தோன்றும். பெர்ன் 540 மீட்டர், பாசல் 260 மீட்டர். அந்த மாணவரை அமுக்கிய கூடுதல் காற்று நாலு சதவீதம்கூடத் தேறாது. ஷாய்க்சரின் கணக்குப்படி பார்த்தால் ஊட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்திருக்க வேண்டும். ஆனாலும் அவரை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மனசில் நடப்பதற்கு உடம்பில் ஒரு வழி இருக்க வேண்டும் என்று தேடினாரே, அது சரியான தேடல்.

அடுத்த நல்ல அடி வைத்தவர் ரூசோ. 1768ல் வெளியான அவருடைய இசை அகராதியில், ஆல்ப்ஸ் மேய்ப்பர்கள் மாடுகளை அழைக்கப் பாடும் மெட்டைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. ஸ்விஸ் படைகளுக்கு நடுவே அதை இசைப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. கேட்டால் சிப்பாய்கள் அழுவார்கள், ஓடிப்போவார்கள் என்கிறார். அதே மெட்டு வேற்று தேசத்தாரை ஒன்றும் செய்வதில்லை என்பதையும் கவனித்துச் சொல்கிறார். ஆகவே வேலை செய்வது மெட்டு இல்லை, அதில் ஏறியிருக்கும் வாழ்க்கை. இன்றைக்கு நினைவாற்றல் ஆய்வாளர்கள் 'தூண்டுகுறி' என்று பேசுவது ஏறத்தாழ இதைத்தான்.

(ஸ்விட்சர்லாந்துக்கும் நீலகிரிக்கும் உறவு கதைகளில் மட்டும் இல்லை. ஊட்டி மலை ரயில் கல்லாறுக்கு மேல் பிடித்து ஏறும் பல்தண்டவாள முறை ஸ்விஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்தது. அதில் ஓடிய புகழ்பெற்ற எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களும் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் செய்தவை.)

சரி, நம் மலைகளின் தூண்டுகுறி எது? ஊட்டி, குன்னூர் என்றால் பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்வது அந்த வாசனையைத்தான். கற்பூர மரம் என்று அங்கே சொல்லப்படும் யூகலிப்டஸ். அந்தப் பக்கத்துத் தைலக் கொட்டகைகளில் ஒன்றையாவது நின்று பார்க்க வேண்டும். உதிர்ந்த இலைகளை ஒரு பெரிய இரும்புக் கலத்தில் அமுக்கித் திணித்து, தண்ணீர் விட்டு, மூடியைச் சுற்றிக் களிமண் அப்பி அடைத்து, அடியில் விறகு எரிக்கிறார்கள். எரிவதும் பெரும்பாலும் யூகலிப்டஸ்தான். ஆவி ஒரு குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்து வெளியே வரும்போது சொட்டுச் சொட்டாக விழுகிறது. பாத்திரத்தில் தண்ணீர் கீழே, தைலம் மேலே. மேலே மிதப்பதை எடுத்துப் புட்டியில் அடைத்தால் நீலகிரித் தைலம். அதில் பெரும்பகுதி சினியோல் என்ற ஒரே வேதிப்பொருள். லேசாக ஆவியாகும் தன்மை உள்ளதால் இலையை யாரும் கசக்காமலேயே காற்றில் கலந்துவிடுகிறது.

நம் மூக்கின் மேற்கூரையில் வாசனை உணரும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகள் மனிதருக்குச் சுமார் 400 வகை. அவற்றுக்கான மரபணுக்களை 1991ல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004ல் நோபல் பரிசு கிடைத்தது. பார்ப்பதும் கேட்பதும் தொடுவதும் மூளையின் நடுவே உள்ள தாலமஸ் என்ற பகுதிக்குப் போய் வரிசையில் நின்றுதான் மேல்மூளைக்குப் போகின்றன. வாசனைக்கு அந்த வரிசை கிடையாது. மூக்குக்கு மேலேயே உள்ள நுகர்குமிழிலிருந்து உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவுக்கும், ஞாபகங்களைச் சேர்த்துக் கட்டும் ஹிப்போகாம்பஸின் வாசலுக்கும் நேரே போய்விடுகிறது. இன்ன வாசனை என்று பெயர் சொல்வதற்கு முன்னால் நெஞ்சு எதையோ உணர்ந்துவிடுவது இதனால்தான்.

வாசனை கிளப்பும் ஞாபகங்களுக்கு வயதிலும் ஒரு தனிக்கணக்கு உண்டு. 2006ல் ஸ்வீடனில் யோகான் வில்லாண்டர், மரியா லார்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 65 முதல் 80 வயது வரையான 93 பேரை உட்காரவைத்து, சிலருக்குச் சொற்களையும் சிலருக்குப் படங்களையும் சிலருக்கு வாசனைகளையும் கொடுத்து, என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டார்கள். சொல்லும் படமும் கொண்டுவந்த ஞாபகங்கள் பெரும்பாலும் பத்து வயதிலிருந்து இருபது வயது வரைக்குள் குவிந்தன. வாசனை கொண்டுவந்தவை பத்து வயதுக்கு முன்னால் குவிந்தன. பழைய காலத்துக்கே திரும்பிப் போனதுபோல் இருந்தது என்று சொன்னவர்களும் வாசனைக் கூட்டத்தில்தான் அதிகம். வாலிபத்தில் தேனிலவுக்கும் அப்புறம் ஆபீஸ் கூட்டத்துக்கும் எத்தனை முறை ஊட்டி போயிருந்தாலும் பஸ்ஸில் மூக்கைத் தொடும் வாசனை அவற்றையெல்லாம் தாண்டிப்போய் ட்ரவுசர் காலத்தில் நிற்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக்கூடத்தில் யாரா யெஷுருன் குழுவினர் 2009ல் செய்த சோதனை இதை இன்னும் இறுக்குகிறது. ஒரு பொருளை முதலில் ஒரு வாசனையோடும், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வாசனையோடும் சேர்த்துக் காட்டினார்கள். ஒரு வாரம் கழித்து மூளையைப் படமெடுத்துப் பார்த்தால், முதலில் சேர்ந்த வாசனைக்கு ஹிப்போகாம்பஸில் தனி மரியாதை. இரண்டாவதாக வந்ததற்கு அது கிடைக்கவில்லை. ஒலிகளை வைத்துச் செய்தபோது முதலில் வந்ததற்கான இந்தச் சலுகை காணப்படவில்லை.

என் சொந்தக் குழப்பத்துக்கு விடை இங்கேதான் கிடைத்தது. எங்கள் வீட்டில் நீலகிரித் தைலம் மலையிலிருந்து வரவில்லை, மளிகைக்கடையிலிருந்து வந்தது. சளி பிடித்தால் போர்வைக்குள் முகத்தைத் திணித்து ஆவி பிடிக்கவைத்து, நெஞ்சில் தேய்த்து, கைக்குட்டையில் ரெண்டு சொட்டு விடுவாள் பாட்டி. அதற்கப்புறம்தான் ஊட்டியைப் பார்த்தேன். குன்னூரில் எல்லாரும் "ஆஹா, மலைக்காற்று" என்று மூச்சை இழுக்கும்போது, பள்ளிக்கூடம் லீவு என்ற சந்தோஷம்தான் எனக்குள் முதலில் எட்டிப்பார்க்கும். காய்ச்சல் லீவு. ஒரே மூலக்கூறு, உங்களுக்குள் அது எந்த அறையைத் திறக்கும் என்பது எந்த வரிசையில் அதைச் சந்தித்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

சினியோலுக்கு இன்னொரு கைவரிசையும் உண்டு. குளிரை உணரும் நரம்புமுனைகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதக் கதவு இருக்கிறது. சுமார் 26 டிகிரிக்குக் கீழே போனால் திறக்கும். திறந்தால் 'ஜில்' என்ற செய்தி மூளைக்குப் போகும். புதினாவில் உள்ள மென்தால் அதே கதவைக் குளிரே இல்லாமல் திறக்கும் என்று 2002ல் கண்டறிந்தார்கள். சினியோலும் அதைத் திறக்கிறது, மென்தால் அளவுக்கு வலுவாக இல்லாவிட்டாலும். டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021ல் கிடைத்த நோபல் இந்த மாதிரிக் கதவுகளைக் கண்டறிந்ததற்காகத்தான். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குறையும் காற்று தோலில் ஜில்லென்று படுகிறது. அதே கதவை மூக்குக்குள் வாசனையும் தட்டுகிறது. மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் இந்த இரட்டைக் குளிருக்கு வந்துசேர்கிறோம்.

குளிருக்கே பழைய நினைப்பைக் கிளறும் குணம் உண்டா? சீனாவின் குவாங்சோ நகரத்தில் சௌ சின்யுவே என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2012ல் சில சோதனைகளை வெளியிட்டார்கள். முப்பது நாள் தினக்குறிப்பு எழுதச் சொன்னதில், குளிரான நாட்களில் பழைய நினைப்பு அதிகம் வந்திருந்தது. 20, 24, 28 டிகிரி அறைகளில் ஆட்களை உட்காரவைத்தால் 20 டிகிரி அறையில் இருந்தவர்களுக்கே ஏக்கம் அதிகம். இதன் மறுபக்கம்தான் எனக்குப் பிடித்தது: குளிர் அறையில் இனிய பழைய நினைவு ஒன்றை எண்ணிப் பார்க்கச் சொன்னவர்கள், அறை உண்மையில் இருப்பதைவிடக் கதகதப்பாக இருப்பதாக மதிப்பிட்டார்கள். இவை சின்னச் சின்னச் சோதனைகள். உளவியலில் இப்படிப்பட்ட முடிவுகள் மறுமுறை செய்யும்போது நழுவுவதும் உண்டு. முழு எடை வைக்க மாட்டேன். ஆனால் ஊட்டிக் குளிரில் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு "அந்தக் காலத்துல அப்பா எங்களை..." என்று யாராவது ஆரம்பிக்காத ராத்திரி உண்டா?

மூன்று நாள் மலைப் பயணம் ஒரு முழு வருஷத்துப் பள்ளிக்கூடத்தைவிட ஞாபகத்தில் ஏன் பெரிதாக உட்கார்ந்திருக்கிறது என்பதற்கும் ஒரு தடயம் இருக்கிறது. அர்ஜென்டினாவில் ஃபாப்ரிசியோ பயாரினி குழுவினர் 2013ல் வெளியிட்ட ஆய்வு ஆரம்பப் பள்ளிகளில் நடந்தது. பிள்ளைகளுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டினார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ, முற்றிலும் புதுமையான ஒரு பாடத்தை வகுப்புக்கு வெளியே நடத்தினார்கள். அப்படிச் செய்த பிள்ளைகள் மறுநாள் கதையை மற்றவர்களைவிட நன்றாகச் சொன்னார்கள். இடைவெளி நாலு மணி நேரமானால் பலன் இல்லை. புதுமை தன்னை மட்டும் பதியவைப்பதில்லை. முன்பின்னாக நடந்த சாதாரண விஷயங்களையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. முதல்முதலாக மேகம் முகத்தில் மோதிய அன்றைக்குச் சாப்பிட்ட புளிசோறு இன்னும் நாக்கில் இருக்கிறது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டது எங்கே போயிற்றோ.

இவ்வளவு பலமாகப் பதிந்தது சரியாகவும் பதிந்திருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஊட்டி ஏரி அப்போது கடல்போல் இருந்ததாகச் சத்தியம் செய்வோம். மூன்றடி உயரத்தில் இருந்து பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். 2002ல் நியூசிலாந்தில் கிம்பர்லி வேட் குழுவினர், இருபது பேரின் சிறுவயதுப் புகைப்படங்களை எடுத்து, போகாத வெப்பக்காற்றுப் பலூனில் அவர்கள் போவதுபோல் ஒட்டுப்போட்டுக் காட்டினார்கள். மூன்று நேர்காணல் முடிவதற்குள் பாதிப் பேர் அந்தப் பலூன் பயணத்தை, முழுதாகவோ அரைகுறையாகவோ, ஞாபகப்படுத்திச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். தாவரவியல் பூங்காவில் குடும்பத்தோடு நின்ற ஆல்பம் படம் நம் வீட்டிலும் இருக்கிறது. அதில் நமக்கு ஞாபகமிருப்பது பூங்காவா, ஆல்பமா?

மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் விஷயம் வேறு. 1964ல் கையெழுத்தான சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ லயத்துக் காம்பராவில் வளர்ந்த ஒரு பிள்ளை கோத்தகிரியில் வந்து இறங்கியபோது மூக்குக்கு எதுவும் மாறியிருக்காது. கொழுந்தைப் பரப்பி வாடவைக்கும்போது வரும் பச்சை நெடியும், அது நொதித்துச் சிவக்கும்போது லினலூல், ஜெரானியால் முதலிய பொருட்களால் எழும் பூமணமும் எந்தத் தேயிலை பேக்டரியிலும் கிட்டத்தட்ட ஒன்றே. குளிர் ஒன்றே, மூடுபனி ஒன்றே. தினமும் காலையில் மூச்சு இழுத்தால் ஹட்டன். கண்ணைத் திறந்தால் வேறு தேசம். ஹோஃபரின் நோயாளிகளுக்கு வண்டி கட்டி ஊருக்கு அனுப்பும் வைத்தியமாவது இருந்தது. நம் மலைகளின் ஏக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சுற்றுலாக்காரர்களின் ஏக்கத்தையே எழுதிக்கொண்டிருப்பதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

மலைக்கென்றும் ஒரு பழசு இருக்கிறதே, அதை யார் நினைத்துக்கொள்கிறார்கள்? யூகலிப்டஸ் நீலகிரி மரம் கிடையாது. 1843ல் காப்டன் காட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து நட்டது. குடியேறிய ஐரோப்பியர்களுக்கு விறகு தேவைப்பட்டதால் பிறகு தோட்டம் தோட்டமாகப் பெருகியது. வாட்டில் மரமும் அங்கிருந்து வந்ததே. மலையின் சொந்த உடுப்பு மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலை. பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் தோட்டமரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995ல் சுட்டிக்காட்டிய ஒரு பழக்கம் இங்கே பொருந்தும்: ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் பார்த்த அளவையே இயற்கையின் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. தோடர்களுக்கு எருமை மேய்ந்த புல்வெளிதான் இயல்பு. நமக்கு யூகலிப்டஸ் நிழல். அந்நிய மரங்களை வெட்டிப் புல்லை மீட்க வனத்துறை இறங்கும்போது, "எங்கள் பழைய ஊட்டியே போச்சு" என்று வருத்தப்படுகிறவர்களின் மூக்கு பொய் சொல்லவில்லை. மரம் வந்தபின் பிறந்த மூக்கு அது, அவ்வளவுதான்.

மலையின் சொந்த வாசனை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், சோலை ஓரங்களில் வளரும் ஒரு புதரைக் காட்டலாம். கால்தீரியா என்ற இனம்; வெள்ளையாகச் சின்ன மணிகள்போல் பூக்கும். யூகலிப்டஸ் கப்பலேறி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே இருக்கிறது. இலையைக் கசக்கி முகர்ந்தால் வருவது மெத்தில் சாலிசிலேட். ஊட்டிக் கடைகளில் விண்டர்கிரீன் எண்ணெய் என்று விற்பது அதைத்தான். மூட்டுவலிக் களிம்புகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் இதே பொருள். ஆகவே சமவெளியிலிருந்து போகும் ஒரு பிள்ளையின் கையில் நீலகிரியின் ஆதி வாசனையைக் கசக்கிக் கொடுத்தால், அது முகர்ந்துவிட்டு உடனே சொல்லப்போவது, "ஐய, ஆச்சி முழங்கால்!"